"பேட்டன்ட் மாவு" என்ற பெயர் எந்தக் காப்புரிமையிலிருந்து வந்தது? 1800-களின் மாவு ஆலை இயந்திரங்கள்

திரிகை

1790 முதல் 1890 வரையிலான மாவு ஆலைக் காப்புரிமைகளை வரிசையாகப் படித்து வருபவர்களிடம் மூன்று கேள்விகள்.

முதலாவது: அமெரிக்க ஆலை இயந்திரக் கண்டுபிடிப்பாளர் ஆலிவர் எவன்ஸின் காப்புரிமைதான் எல்லாவற்றுக்கும் தாய் என்கிறார்கள். எலிவேட்டர் (வாளிகளால் மேலே ஏற்றுவது), திருகு கன்வேயர் (திருகால் பக்கவாட்டில் தள்ளுவது) எல்லாம் அதற்கு முன்பே இருந்தவை. அப்படியானால் அவருக்கு எதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள்?

இரண்டாவது: உயர்ரக வெள்ளை மாவை ஆலைக்காரர்கள் இன்றும் "பேட்டன்ட்" என்கிறார்கள். இது எந்தப் பேட்டன்ட்?

மூன்றாவது: கல்லுக்குப் பதில் உருளைகளுக்கு நடுவே அரைக்கும் உருளை ஆலை புடாபெஸ்டில் பிறந்ததா, அமெரிக்காவில் பிறந்ததா? நூலுக்கு நூல் வேறு பதில் இருக்கிறது.

பழைய பட்டயம்

முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுப்பும் சந்தேகத்தையே தாமஸ் ஜெஃபர்சனும் எழுப்பினார். 1813 ஆகஸ்டில் பால்டிமோரின் ஐசக் மெக்பெர்சனுக்கு எழுதிய கடிதத்தில், வாளி கோத்த சங்கிலி கிணற்றில் தண்ணீர் இறைக்கக் காலங்காலமாக இருக்கிறது, திருகு ஆர்க்கிமிடீஸ் காலத்தது, தண்ணீர் ஏற்றிய வாளியில் தானியத்தை ஏற்றினால் அது புதுக் கண்டுபிடிப்பாகுமா என்று கேட்கிறார்.

தனித்தனிப் பாகங்களைப் பார்த்தால் ஜெஃபர்சன் சொல்வது சரி. ஆனால் எவன்ஸுக்கு முந்திய ஆலை எப்படி ஓடியது என்று பாருங்கள். கோதுமை மூட்டையைத் தோளில் சுமந்து மேல்மாடிக்கு ஏற்றவேண்டும். அரைபட்ட மாவு கல்லிலிருந்து சூடாகவும் ஈரமாகவும் கீழே தொட்டியில் விழும். அதை வாரி, மறுபடி மேலே தூக்கி, தரையில் பரப்பி, ஒரு பையன் வாரியால் கிளறிக் கிளறி ஆறவைப்பான். ஆறிய பிறகுதான் சல்லடைக்குப் போகும். ஆறாத மாவைச் சலித்தால் துணிக்கண் அடைத்துக்கொள்ளும். பீப்பாயில் அடைத்தால் புளித்துக் கட்டியாகும். தரையில் பரப்பிய மாவின் மேலேயே ஆட்கள் நடந்தார்கள், அந்தக் காலடி மண்ணும் மாவோடு சேர்ந்து போனது.

எவன்ஸ் இதில் மனிதத் தோளையே எடுத்துவிட்டார். வண்டியிலிருந்து இறங்கும் தானியம் பீப்பாயில் மாவாக விழும்வரை வாளிப் பட்டை மேலே ஏற்றும், திருகு பக்கவாட்டில் தள்ளும், "ஹாப்பர் பாய்" ஆறவைக்கும். டெலவேரின் ரெட் கிளே ஓடையோரம் 1780-களில் இதைச் செய்து காட்டினார். 1790 டிசம்பர் 18 அன்று கிடைத்தது அமெரிக்காவின் 3-வது காப்புரிமை. ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் ஆலைக்கு உரிமம் வாங்கிப் பொருத்தினார்.

அந்தப் பையன் செய்த வேலையைச் செய்ததால்தான் அந்த இயந்திரத்துக்கும் "பையன்" என்றே பெயர். நடுவில் செங்குத்தான தண்டு, அதில் கிடைமட்டமாக நீண்ட கை, கையின் அடியில் சாய்வாகப் பொருத்திய சிறு பலகைகள். கை மெல்லச் சுற்றச் சுற்ற, ஓரத்தில் விழும் சூடான மாவு பரவி, ஆறி, வளையம் வளையமாக நடுவுக்கு நகர்ந்து, அங்குள்ள துளை வழியே சல்லடைக்கு இறங்கும். எவன்ஸ் இதில் ஒரு நுட்பம் வைத்தார். கையைக் கயிற்றில் தொங்கவிட்டு மறுமுனையில் எதிர் எடை கட்டினார். மாவு அதிகமாகக் குவிந்தால் கை தானே உயரும், குறைந்தால் தாழும். மாவின் மேல் மிதப்பதுபோல் கிடக்கும். எடை இல்லாவிட்டால் கை குவியலில் புதைந்து நின்றுவிடும்.

கடைசியில் அவரைக் கவிழ்த்ததும் இதே ஹாப்பர் பாய்தான். 1804-ல் காப்புரிமை முடிந்தது. 1808-ல் நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டு இன்னும் 14 ஆண்டு கொடுத்தது. இடைப்பட்ட 3 ஆண்டுச் சொச்சத்தில் துணிந்து இயந்திரம் வைத்தவர்களும் பணம் கட்டவேண்டியதாயிற்று. 1815-ல் உச்ச நீதிமன்றமும் அதை எவன்ஸுக்குச் சாதகமாகவே சொன்னது. பின்னால் ஈட்டன் என்பவருக்கு எதிரான வழக்கில், பென்சில்வேனியாவில் ஸ்டாஃபர் என்பவர் முன்பே வைத்திருந்த ஹாப்பர் பாய் சாட்சியாக வந்தது. 1822-ல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நீ செய்தது மேம்பாடு என்றால், பழையது எது, அதில் நீ சேர்த்தது எது என்று காப்புரிமை விவரணையில் பிரித்துக் காட்டியிருக்கவேண்டும், நீ காட்டவில்லை. இந்தத் தீர்ப்பு வரும்போது எவன்ஸ் இறந்து 3 ஆண்டு ஆகியிருந்தது. அந்த எதிர் எடையை மட்டும் தெளிவாகக் கோரியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

ரவைசல்லடை

இரண்டாவது கேள்வி என் பாடம்.

"பேட்டன்ட் மாவு" என்பது ரவையிலிருந்து அரைத்த மாவு. கோதுமையை முதல் தடவை அரைக்கும்போது மூன்று பொருள் வரும்: மாவு, தவிடு, இரண்டுக்கும் நடுவில் ரவை. ஆங்கிலத்தில் அதை மிட்லிங்ஸ், அதாவது "நடுவில் உள்ளவை" என்றார்கள். தானியத்தின் உள்பருப்பில் கெட்டியான, புரதம் கூடிய பகுதிதான் ரவையாக உடையும். நல்ல மாவு வரவேண்டிய இடம் அதுதான். ஆனால் பழைய ஆலையில் ரவையோடு தவிட்டுத் துணுக்கும் கலந்தே வரும். அப்படியே திரும்ப அரைத்தால் மாவு புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். அதனால் ரவையை மட்ட மாவாக விற்றார்கள்.

மின்னசோட்டாவில் விளைந்த வசந்தகாலக் கோதுமையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பருப்பு கடினம், மேல்தோல் நொறுங்கும் தன்மையுள்ளது. கல்லை நெருக்கி வேகமாக அரைத்தால் தோல் தூளாகி மாவோடு கலக்கும். மெல்ல அரைக்கலாம் என்று கல்லை விலக்கினால் மாவு குறைந்து ரவை குவியும். அந்த ரவையைச் சுத்தம் செய்ய வழி இல்லாதவரை அந்தக் கோதுமைக்கு மதிப்பில்லை. வழி கிடைத்ததும் சந்தையில் அதுவே முதலிடம் பிடித்தது.

வழி என்றால் பியூரிஃபையர், அதாவது ரவையிலிருந்து தவிட்டைக் காற்றால் பிரிக்கும் இயந்திரம். ஆஸ்திரியாவில் இக்னாஸ் பாவ்ர் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரவையைக் காற்றால் பிரிக்கும் இயந்திரம் செய்திருந்தார். பிரான்சில் பெரிகோவின் காப்புரிமை 1860. அமெரிக்காவில் வில்லியம் காக்ரனின் காப்புரிமைகள் 1863 ஜனவரி 13. மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ஆலையில் 1870–71 வாக்கில் எட்மண்ட் லாக்ருவா செய்து ஓட்டிய இயந்திரம்தான் தொழிலையே திருப்பியது. அவருடைய இயந்திரத்தில் சல்லடைத் துணி அடைத்துக்கொண்டே இருந்தது. ஜார்ஜ் ஸ்மித் துணிக்கு அடியில் தானாக நகர்ந்து தேய்க்கும் பிரஷ் ஒன்றை வைத்துக் காப்புரிமையும் வாங்கினார், தொழிற்சாலையும் கட்டினார். லாக்ருவா வறுமையில் இறந்தார். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பக்கம் அது.

ஆகவே "பேட்டன்ட்" என்பது ஒரு தனிக் காப்புரிமையின் பெயரல்ல. காப்புரிமை பெற்ற பியூரிஃபையர்கள் வழியாக வந்த மாவு என்ற பொருளில் வணிகர்கள் வைத்த பெயர், அப்படியே தரத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

திரிகை

ரவையைச் சல்லடையில் போட்டு ஆட்டிக் கீழிருந்து காற்று விட்டால் தவிடு பறந்துவிடும். இதில் அப்படி என்ன நுட்பம்? காக்ரனின் கோரிக்கை வாசகத்தில் (காப்புரிமையில் எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் பகுதியில்) ஏன் வரிசை வரிசையாகச் சல்லடை உருளைகள் வருகின்றன?

ரவைசல்லடை

முறத்தில் நொய்யும் குருணையும் முழு அரிசியும் உமியும் ஒன்றாகப் போட்டுப் புடைத்துப் பாருங்கள். உமி போகும், கூடவே நொய்யும் போகும். ஒரே அளவாகச் சலித்து எடுத்துப் புடைத்தால்தான் உமி மட்டும் போகும். நுட்பம் முழுக்க இதுதான்.

காற்றில் ஒரு துணுக்கு மிதப்பதும் விழுவதும் அதன் கனத்தால் மட்டும் தீர்வதில்லை, அளவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பெரிய தவிட்டுச் செதிலும் சிறிய சுத்த ரவையும் ஒரே காற்றில் ஒரேபோல் மிதக்கும். எனவே கலந்த ரவைக்குக் காற்றைக் கூட்டினால் நல்ல சிறு ரவை தூசி அறைக்குப் போய்விடும். குறைத்தால் பெரிய தவிடு தங்கிவிடும். நடுவில் சரியான அளவென்று ஒன்றே கிடையாது. முதலில் சல்லடைக் கண்ணின் அளவு வாரியாகத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்தையும் தனியாகக் காற்றில் விட்டால் ஒவ்வொன்றுக்கும் சரியான காற்று கிடைக்கும். காக்ரனின் கோரிக்கையில் படிப்படியாக நுண்மையாகும் துணி போர்த்திய உருளைகள் வருவது இதற்காகத்தான்.

ஓட்டத்தில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். சல்லடை முழுவதும் ரவை ஒரே கனத்தில் பரவியிருக்கவேண்டும். ஒரு மூலையில் துணி வெறுமையாகத் தெரிந்தால் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாக ஓடிவிடும். மற்ற இடங்களில் தவிடு அசையாமல் ரவையோடு இறங்கும். பியூரிஃபையர் சரியில்லை என்றால் முதலில் உள்ளே வரும் ரவை அகலம் முழுக்கச் சமமாக விழுகிறதா என்று பாருங்கள். காற்று வால்வைத் திருகுவது அப்புறம். அடுத்தது பிரஷ். மயிர் தேய்ந்துபோனால் துணிக்கண் அடைந்து, வேலை செய்யும் பரப்பு நாளுக்கு நாள் சுருங்கும்.

பழைய பட்டயம்

இங்கே சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இந்த ரவையிலிருந்துதான் வந்தது.

காக்ரனின் 1863 காப்புரிமை, எண் 37,317, 1874 ஏப்ரல் 21-ல் மறுவெளியீடு ஆனது. மறுவெளியீடு என்பது பிழை திருத்துவதற்காகச் சட்டம் கொடுத்த வசதி. அந்தக் காலத்தில் அதைத் தொழில் வளர்ந்த பிறகு கோரிக்கையை அகலப்படுத்தும் வழியாகப் பயன்படுத்தினார்கள். 1871-க்குப் பிறகு நாடு முழுக்கப் பியூரிஃபையர் பரவியதும், காக்ரன் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த நிறுவனம் ஆலைகள்மீது உரிமத் தொகை கேட்டு வழக்குப் போட்டது. ஆலைக்காரர்கள் தேசிய அளவில் சங்கமாகத் திரண்டதற்கு இந்த வழக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

அவற்றில் டீனர் என்பவருக்கு எதிரான வழக்கு 1876 அக்டோபர் அமர்வில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எங்கள் இயந்திரம் வேறு வடிவம் என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிபதி பிராட்லி ஏற்கவில்லை. செய்முறை என்பது ஒரு பொருளை வேறு நிலைக்கு மாற்றும் செயல் அல்லது செயல்களின் தொடர். அதைச் செய்யும் கருவி எதுவாகவும் இருக்கலாம். ஒரு பொருளைத் தூளாக்கவேண்டும் என்பது செய்முறையின் ஒரு படி என்றால், சுத்தியலால் தட்டினாயா, உரலில் இடித்தாயா, ஆலையில் அரைத்தாயா என்பது முக்கியமில்லை என்றார்.

எவன்ஸ் வழக்கோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு பேர் கையிலும் பழைய பாகங்கள்தான். எவன்ஸின் ஹாப்பர் பாய் கோரிக்கை பழையதையும் புதியதையும் பிரிக்காமல் நின்று தோற்றது. காக்ரனுடையது சலித்தல், காற்று, மறு அரைப்பு என்று வரிசையைச் சொல்லி நின்றது. இயந்திரத்தைவிட எழுத்துதான் இரண்டு வழக்கையும் முடிவு செய்தது.

ஆனால் மறுவெளியீட்டு விளையாட்டு நீடிக்கவில்லை. 1881 அமர்வில், விளக்குப் பர்னர் ஒன்றைப் பற்றிய வழக்கில், பல ஆண்டு கழித்துக் கோரிக்கையை அகலப்படுத்தும் மறுவெளியீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. சுத்தம் செய்த ரவையை உருளையில் நசுக்கும் டவுன்டனின் 1875 செய்முறைக் காப்புரிமையும், புதுமை இல்லை என்று 1883-ல் விழுந்தது.

வார்ப்பிரும்பு

உருளை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பியூரிஃபையர் கல் ஆலையைச் சீர்செய்தது, அவ்வளவுதான். உருளை வந்தபோது கல்லே வெளியே போனது. எந்தக் காப்புரிமை பெரியது என்று கேட்டால் நான் உருளை பக்கம்தான்.

பிரெஞ்சுக் கல் என்றால் லா ஃபெர்தே சூ ஜுவார் குவாரியின் குவார்ட்ஸ் துண்டுகளைச் சிமென்ட்போல் ஒட்டி, இரும்புப் பட்டா போட்டு இறுக்கியது. 4 அடிக் கல் நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று. அம்மி கொத்துவதுபோல் அதன் பள்ளங்களை அடிக்கடி உளியால் கொத்தவேண்டும். கொத்துகிற நேரம் முழுக்க ஆலை நிற்கும். அதோடு கல் ஒரே நசுக்கில் உள்ளே இருந்து வெளிவரை அரைத்துத் தள்ளும். தவிடும் அந்தப் பயணம் முழுக்க உரசிக்கொண்டே வரும். உருளையில் தானியம் ஒரே ஒரு கோட்டில், கண்ணிமைக்கும் நேரம் மட்டும் தொடப்படுகிறது. அதனால்தான் படிப்படியாக உடைக்க முடிந்தது.

இப்போது மூன்றாவது கேள்வி. உருளை முயற்சி ஸ்விட்சர்லாந்தில் ஆரம்பித்தது. 1830-களில் சுல்ஸ்பெர்கர் செய்தவை, 1840 வாக்கில் பெஸ்ட் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) நகரில் தொடங்கிய உருளை ஆலை எல்லாம் முன்னோடிகள். வேக்மனின் பீங்கான் உருளை 1870-களின் முதல் பாதி. ரவையை மாவாக்க அது அருமை, கோதுமையை உடைக்கக் கொடுத்தால் விளிம்பு பொரிந்துவிடும். புடாபெஸ்டில் கான்ஸ் வார்ப்பாலையின் ஆண்ட்ராஷ் மெக்வார்ட் 1874-ல் காப்புரிமை பெற்றது குளிர்வார்ப்பு இரும்பில் சாய்வான பள்ளமிட்ட உருளைக்கு. அந்த ஆலை ரயில் சக்கரம் வார்த்த கைப்பழக்கம் இதில் உதவியது. உருகிய இரும்பை இரும்பு அச்சில் ஊற்றினால் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகும், உள்ளே சாம்பல் நிற இரும்பு மென்மையாக, உடையாமல் இருக்கும். உருளைக்கு இரண்டும் தேவை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் நீனாவின் ஜான் ஸ்டீவன்ஸ் 1880-ல் காப்புரிமை பெற்றார். மில்வாக்கியில் அல்லிஸ் இயந்திரத் தொழிற்சாலையின் வில்லியம் டிக்சன் கிரே, பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெல்ட் போட்டு இரைச்சலைக் குறைத்தார். ஆகவே "எங்கே பிறந்தது" என்பதற்கு ஒரே ஊரைச் சொல்ல முடியாது. உடைக்கும் உருளை புடாபெஸ்ட், எளிதாகப் பராமரிக்கும் சட்டகம் மில்வாக்கி.

ஒரு ஜோடியின் கணக்கைச் சொல்கிறேன். உடைக்கும் ஜோடியில் வேக உருளைக்கும் மெதுவான உருளைக்கும் வேக விகிதம் 2.5-க்கு 1. ரவையை மாவாக்கும் வழுவழுப்பான ஜோடியில் 1.25-க்கு 1 அளவில். முதல் உடைப்பில் அங்குலத்துக்குச் சுமார் 10 பள்ளம், கடைசி உடைப்பில் 24 அல்லது அதற்கு மேல். பள்ளம் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் முறுகிப் போகும். இரண்டு உருளையும் ஒரே பக்கமாக முறுகியிருக்கவேண்டும். எதிரெதிராக நிற்கும்போது சந்திக்கும் இடத்தில் கத்திரிக்கோல்போல் குறுக்கே வெட்டும். நேர்ப் பள்ளமாக இருந்தால் பல்லும் பல்லும் நீளம் முழுக்க ஒரே நேரத்தில் இடித்துத் தவிட்டை நறுக்கிவிடும்.

ரவைசல்லடை

வார்ப்பிரும்பு, ஒரு இடத்தில் உடன்பட மாட்டேன். பியூரிஃபையர் இல்லாமல் உருளைக்கு வேலையே இல்லை. படிப்படியாக உடைப்பதன் நோக்கம் மாவைக் குறைத்து ரவையைக் கூட்டுவது. அந்த ரவையைச் சுத்தம் செய்ய வழி தெரியாவிட்டால், மட்ட மாவைத்தான் அதிகமாக்கியிருப்பீர்கள்.

வார்ப்பிரும்பு

ஒத்துக்கொள்கிறேன். வரிசைப்படி பியூரிஃபையர்தான் முதலில் வந்திருக்கவேண்டும், வந்தது. என் வாதத்தை இப்படித் திருத்துகிறேன்: பியூரிஃபையர் கேட்ட அளவு ரவையைக் கல்லால் கொடுக்க முடியவில்லை, உருளை கொடுத்தது.

ஓட்டும்போது கெடுவதையும் சேர்த்துவிடுகிறேன். இரண்டு உருளையும் இணையாக இல்லாவிட்டால் ஒரு முனை சூடேறும். இடது முனை, நடு, வலது முனை மூன்றிலும் அடியில் கை நீட்டி மாவை ஏந்திப் பார்க்கவேண்டும். ஒரு முனையில் சூடாகவும் பொடியாகவும், மறுமுனையில் குளிர்ந்து முரடாகவும் விழுந்தால் சூடான முனைத் திருகைத் தளர்த்தவேண்டும். ஆணியோ கல்லோ வந்தால் உருளை விலக ஸ்பிரிங் இருக்கவேண்டும். ஸ்பிரிங்கை இறுக்கி வைத்து ஓட்டினால் ஒரே ஆணி பள்ள வரிசையைக் கெடுத்துவிடும்.

தூசி அறை

எல்லாரும் காற்றைப் பாராட்டுகிறீர்கள். அந்தக் காற்று எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

ஆரம்பப் பியூரிஃபையர்கள் தூசியை மர அறைகளுக்குள் ஊதித் தள்ளின. 1878 மே 2 மாலை மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ஏ ஆலை வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், பக்கத்து ஆலைகளும் சேர்ந்து போயின. தானியம் நின்றுபோய்க் கல்லோடு கல் வெறுமையாக உரசியதில் தீப்பொறி கிளம்பி, தூசியைப் பற்றவைத்தது என்பது விசாரணையில் வந்த முடிவு. அந்த ஆலை கட்டி 4 ஆண்டுகூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த காப்புரிமைக் குவியலைப் பாருங்கள்: கல்லின் உறையிலிருந்தே தூசியை உறிஞ்சும் குழாய், துணிப் பை வடிகட்டி, 1880-களின் நடுவில் மிச்சிகன் ஜாக்சனில் வந்த சைக்ளோன். சைக்ளோன் என்பது கூம்பு வடிவத் தகரப் பாத்திரம். மேல்பக்கம் ஓரமாகக் காற்றை உள்ளே விட்டால் சுழன்று, தூசி சுவரில் ஒட்டிச் சறுக்கி அடியில் விழும், காற்று நடுவழியே மேலே போகும். சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. இன்று மர ஆலையிலும் அரிசி ஆலையிலும் கூரைமேல் நிற்பது இதே கூம்புதான். அடி வாய் மூடாமல் காற்று கசிந்தால் விழுந்த தூசியெல்லாம் மறுபடி மேலே ஏறும். சைக்ளோன் பிடிக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது அந்த அடி வாய்.

திரிகை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக, இவற்றின் மூல ஆவணங்களை எப்படித் தேடுவது? சொல்லைப் போட்டுத் தேடினால் எதுவும் சரியாக வரவில்லை.

பழைய பட்டயம்

சொல்லால் தேடாதீர்கள். பழைய அச்சைக் கணினி படித்ததில் எழுத்துப் பிழை ஏராளம். பழைய அமெரிக்க வகைப்பாட்டில் அரைத்தல் 241, சலித்துப் பிரித்தல் 209. இந்த எண்ணையும் ஆண்டு வரம்பையும் கொடுங்கள். 1790 முதல் 1873 வரை பொருள்வாரி அட்டவணை மூன்று தொகுதியாக வந்திருக்கிறது. அதில் "மில்" தலைப்பின் கீழ் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, எண்ணை வைத்தே ஆவணத்தை எடுப்பது வேகம்.

1836 ஜூலைக்கு முந்தியவற்றுக்கு எண் பின்னால் கொடுக்கப்பட்டது. 1836 டிசம்பர் 15 காப்புரிமை அலுவலகத் தீயில் சுமார் 10,000 ஆவணங்கள் எரிந்ததால் பலவற்றுக்குப் பெயரும் தேதியும்தான் மிச்சம். மறுவெளியீடுகளுக்குத் தனி எண் வரிசை உண்டு. காக்ரனைப் படிக்கும்போது 37,317-ஐ மட்டும் எடுத்தால் வழக்கில் பேசப்பட்ட கோரிக்கை அதில் இருக்காது. மறுவெளியீடு 5,841-ஐயும் பக்கத்தில் வைத்து, கடைசிப் பத்தியை மட்டும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். படத்தைப் பிறகு பார்க்கலாம்.